மியூனிக்கில் படிக்க வரும் மாணவர் எந்தப் பகுதியில் அறை தேடலாம்?

முதலில் உங்கள் வகுப்பு எங்கே நடக்கிறது என்று பாருங்கள். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல், கணினியியல், இயந்திரவியல் எல்லாம் ஊருக்கு வெளியே கார்ஹிங்கில். அது தெரியாமல் பலர் நகர நடுவில், மாக்ஸ்ஃபோர்ஷ்டாட்டிலும் ஷ்வாபிங்கிலும் தேடுகிறார்கள். அருமையான இடங்கள்தான், நூலகமும் காபிக்கடையும் காலடியில். ஆனால் வாடகை கையைக் கடிக்கும்.

நான் சொல்வது யூ6 சுரங்க ரயில் பாதையை ஒட்டித் தேடுங்கள் என்பதே. அந்தப் பாதையில் உள்ள ஃப்ரைமன் பகுதியில் இருந்தால் வடக்கே கார்ஹிங்கும் தெற்கே நகர நடுவில் உள்ள 'உனிவெர்ஸிடேட்' (பல்கலைக்கழகம்) நிலையமும் ரயிலில் ஏறக்குறைய கால் மணி நேரம்தான். ஒரே ஒரு தொல்லை: அலியான்ஸ் அரேனா கால்பந்து அரங்கமும் இதே பாதையில் இருப்பதால், கால்பந்து ஆட்டம் உள்ள நாளில் பெட்டிக்குள் நிற்கக்கூட இடம் கிடைக்காது.

மாணவர் விடுதிதான் மலிவு. காத்திருப்போர் பட்டியல் நீளம் என்பதால் அனுமதி கிடைத்த கையோடு விண்ணப்பியுங்கள். அப்புறம், எந்தப் பகுதியானாலும், முகவரியை நகர அலுவலகத்தில் பதிவு செய்ய, நீங்கள் அங்கே குடியேறியதாக வீட்டுக்காரர் உறுதிக் கடிதம் தருவாரா என்று முதலிலேயே கேளுங்கள். குடியேறிய இரண்டு வாரத்துக்குள் பதிய வேண்டும். தரமாட்டேன் என்றால் அந்த அறை வேண்டாம். நேரில் பார்க்காத அறைக்கு முன்பணமும் அனுப்பாதீர்கள்.