நிலத்தை விற்கும் முன் ஐசியூவைப் பாருங்கள்

பாலக்கோட்டிலிருந்து மகளின் மார்க் ஷீட்டோடு வந்திருந்த ஐயாவுக்கு,

நீட்டில் தகுதி மார்க் மட்டும்தான், இங்கே சீட் வராது. உங்கள் மச்சான் வெளிநாட்டு எம்பிபிஎஸ் என்கிறார்; ஒன்றரை ஏக்கருக்கு ஆள் பேசி வைத்துவிட்டீர்கள். பிள்ளை நர்சிங் என்றதும், "சொந்தக்காரங்க என்ன சொல்வாங்க?" என்று கேட்டீர்கள். எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. நிலத்தை விற்காதீர்கள்.

வெளிநாட்டில் குறைந்தது 54 மாதப் படிப்பு, அங்கேயே 12 மாதப் பயிற்சி, திரும்பி வந்து தகுதித் தேர்வு, இங்கே இன்னொரு 12 மாதப் பயிற்சி. தேர்வில் தேறாவிட்டால் பட்டம் இருக்கும், வைத்தியம் பார்க்க உரிமை இருக்காது. ஏஜென்ட் இதைச் சொன்னாரா? இன்ஜினீயரிங், பார்மசி பற்றி ஊரே சொல்லும், நான் விடுகிறேன்.

பிள்ளை கேட்கும் நர்சிங் எங்கே கொண்டுபோகும் என்று சொல்கிறேன். ஐசியூவில் சிகிச்சையை டாக்டர் முடிவு செய்வார். அது ராத்திரி மூன்று மணிக்கும் பிசகாமல் நடப்பது அங்குள்ள நர்ஸ்களுக்குப் பொறுப்பான இன்சார்ஜ் சிஸ்டரால். தொப்பூர் கணவாயில் அடிபட்டவர், பூச்சிமருந்து குடித்தவர், பாம்பு கடித்தவர் என்று ஒன்றாக வந்தால், எந்த நோயாளியை எந்த நர்ஸிடம் விடுவது என்று அவர்தான் பிரிப்பார். வென்டிலேட்டரில் இருப்பவருக்கு ஆளுக்கொரு நர்ஸ் என்பது கணக்கு. லீவு போட்டவருக்கு மாற்று ஆள் பிடிப்பதும் அவர் பாடு. ஷிப்ட் மாறும்போது கட்டில் கட்டிலாக நின்று கேட்பார்: எந்த மருந்து எவ்வளவு ஓடுகிறது? சிறுநீர் எவ்வளவு? நினைவு எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் கோமா ஸ்கோர் நேற்று 9, இன்று ஏன் 7 ஆகக் குறைந்தது? தலைமாடு 30 முதல் 45 டிகிரி வரை உயர்ந்திருக்கிறதா என்று பார்ப்பார். தாழ்ந்திருந்தால் வயிற்றில் இருப்பது நுரையீரலுக்குப் போய் நிமோனியா வரலாம். அப்புறம் கிராஷ் கார்ட், அதாவது உயிர் காக்கும் அவசர மருந்தும் கருவியும் வைத்த தள்ளுவண்டி. அட்ரினலின் தேதி முடிந்ததா, மூச்சுக்குழாய் போடத் தொண்டைக்குள் பார்க்கும் லாரிங்கோஸ்கோப்பில் பல்பு எரிகிறதா என்று நாள்தோறும் பார்த்துக் கையெழுத்து. கை கழுவாமல் கட்டிலருகே வரும் பெரிய டாக்டரை நிறுத்துவதும் அவர் வேலைதான். (நல்ல டாக்டர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.)

பி.எஸ்சி. நர்சிங் 4 ஆண்டு. ஓராண்டு வேலை பார்த்த பிறகு, தீவிர சிகிச்சைக்கென்றே நர்ஸ் பிராக்டிஷனர் என்ற 2 ஆண்டு முதுகலைப் படிப்பு இருக்கிறது. தனியாரில் ஆரம்பச் சம்பளம் குறைவு, நைட் டியூட்டி உண்டு, இன்சார்ஜ் ஆக வருஷங்கள் பிடிக்கும். இதை மறைக்கமாட்டேன்.

உங்கள் மகளின் நோட்டைப் பார்த்தீர்களா? பாட்டி வார்டில் இருந்தபோது மணிக்கொரு தரம் ஆக்சிஜன் அளவைக் குறித்திருக்கிறாள். 88 என்று குறைந்த இடத்தில் இரண்டு கோடு, பக்கத்தில் 'சிஸ்டரைக் கூப்பிட்டேன்'. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

முதலில் அரசு கவுன்சலிங்குக்கு விண்ணப்பம் போடுங்கள். பிளஸ் டூ மார்க்கை வைத்துத்தான் இடம். தனியார் கல்லூரி என்றால் நர்சிங் கவுன்சில் அங்கீகாரமும், பிள்ளைகளை உள்ளே விடும் ஐசியூவும் இருக்க வேண்டும். நன்கொடை கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ஒரிஜினல் சான்றிதழ்களைத் திருப்பித் தருவதாக எழுத்தில் வாங்காமல் கொடுக்காதீர்கள். மச்சானை என்னிடம் அனுப்புங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.