ஹாலிஃபாக்ஸில் வீடு வாங்குகிறீர்களா? ஆயில் டேங்கின் அடியைத் தொட்டுப் பாருங்கள்

தம்பி, கனடாவில் ஹாலிஃபாக்ஸை அடுத்த டார்ட்மவுத்தில் பார்த்த வீடு பிடித்திருக்கிறது, பின்பக்கம் வீட்டைச் சூடாக்கும் எண்ணெயை வைக்கும் ஆயில் டேங்க் நிற்கிறது, இன்சூரன்ஸ்காரர்கள் அதன் வயதைக் கேட்கிறார்கள், விற்பவர் "புதுசாக பெயின்ட் அடித்திருக்கிறேன், நன்றாக இருக்கிறது" என்கிறார், நம்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். பெயின்ட்டை நம்பாதீர்கள். கையெழுத்துப் போடும் முன் நீங்களே ஒருமுறை குனிந்து பார்த்துவிடுங்கள்.

இரும்பு டேங்க் பெரும்பாலும் உள்ளேயிருந்துதான் அரிக்கும். பகல் சூடும் இரவுக் குளிரும் மாறி மாறி வரும்போது உள்ளே காற்றிலிருக்கும் ஈரம் நீராகும். எண்ணெயை விட நீர் கனமானது என்பதால் அது அடியில் போய்த் தங்கும். அங்கே சகதியும் சேர்ந்து, வருடக்கணக்கில் ஊறி இரும்பைத் தின்னும். வெளியே பளபளப்பாக நிற்கும் டேங்கில்கூட அடிப்பக்கத் தகடு காகிதமாக மெலிந்திருக்கலாம்.

முதலில் டேங்கில் ஒட்டியிருக்கும் தயாரிப்புத் தகட்டைத் தேடுங்கள். செய்த வருடமும் கொள்ளளவும் அதில் இருக்கும். தகடே இல்லை, அல்லது பெயின்ட்டில் மறைந்துவிட்டது என்றால் விற்பவரிடம் பில் கேளுங்கள். வெளியே நிற்கும் இரும்பு டேங்க் 10, 15 வருடம் தாண்டிவிட்டால் இங்கே பல இன்சூரன்ஸ் கம்பெனிகள் தயங்கும். பக்கத்திலிருக்கும் பிரின்ஸ் எட்வர்ட் தீவில், பரிசோதித்து அடையாளத் தகடு மாட்டாத வீட்டு டேங்கில் எண்ணெயே ஊற்ற மாட்டார்கள்.

அப்புறம் ஒரு வெள்ளை டிஷ்யூ எடுத்துக்கொண்டு அடியில் கையை விட்டு, நீளவாக்கில் மெதுவாகத் துடையுங்கள். காலையில் பார்த்தால் டேங்க் வேர்த்திருக்கும், அது வெறும் தண்ணீர். கனடாவில் வீட்டுச் சூட்டுக்கான எண்ணெயில், வரிக்காக வண்டி டீசலிலிருந்து பிரித்துக் காட்ட, சிவப்புச் சாயம் கலந்திருப்பார்கள். டிஷ்யூவில் இளஞ்சிவப்புக் கறை படிந்து டீசல் வாடை அடித்தால் எங்கேயோ கசிகிறது என்று அர்த்தம். பெயின்ட் கொப்புளம் விட்டிருக்கும் இடங்களையும், பற்றவைத்த ஓரங்களையும், ஃபில்டருக்குக் கீழேயும் இதே மாதிரி துடைத்துப் பாருங்கள். கீழே மண்ணோ கல்லோ கறுத்திருந்தால், புல் ஒரு வட்டத்தில் மட்டும் கருகியிருந்தால், விற்பவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

கால்களைப் பலரும் கவனிப்பதில்லை. சாதாரண 900 லிட்டர் டேங்க் நிரம்பினால் முக்கால் டன்னுக்கு மேல் கனக்கும். குளிர்காலத்தில் மண் உறைந்து மேலே எழும்பும், வசந்தத்தில் இறங்கும். நடைபாதைக் கல்லின் மேல் நிற்கும் டேங்க் இதில் கொஞ்சம் கொஞ்சமாகச் சாயும். மேலே ரசமட்டம் வைத்தால் தெரிந்துவிடும். 2022 செப்டம்பரில் ஃபியோனா அடித்தது போன்ற புயல் வந்தால் சாய்ந்த டேங்க் நிற்காது.

கூரையின் ஓரத்துக்கு நேர்கீழே டேங்க் நிற்கிறதா என்றும் பாருங்கள். மேலிருந்து பனிக்கட்டி சரிந்து ஃபில்டரையோ மெல்லிய செம்புக் குழாயையோ உடைத்தால் ஒரே இரவில் டேங்கிலுள்ள எண்ணெய் முழுவதும் மண்ணுக்குள் போய்விடும். அதற்கு மேல் ஒரு தடுப்புக் கூடு போடச் சொல்லுங்கள், பெரிய செலவில்லை. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் பேஸ்மென்ட் தரைக்கு அடியில் ஓடிய பழைய குழாய் ஒழுகி, கான்கிரீட்டை உடைத்து மண்ணை அள்ள வேண்டி வந்தது. சின்னக் குழந்தைகளோடு அந்தக் குடும்பம் மாதக்கணக்கில் வேறு இடத்தில் இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் இதை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உங்கள் வீட்டில் குழாய் தரைக்கு அடியில் போகிறதா, போனால் பிளாஸ்டிக் உறைக்குள் போகிறதா என்று கேளுங்கள்.

குடிபோன பிறகு, எண்ணெய் ஊற்ற வரும்போது ஒருமுறை பக்கத்தில் நில்லுங்கள். காற்றுக் குழாயில் விசில் சத்தம் கேட்கும், நிரம்பும்போது நிற்கும். அந்தக் குழாயைப் பனியோ குளவிக் கூடோ அடைத்திருந்தால் அழுத்தத்தில் டேங்கே பிளக்கலாம். கோடையில் அளவுமானியைக் குறித்து வையுங்கள். ஃபர்னஸ் (எண்ணெயை எரித்து வீட்டைச் சூடாக்கும் அடுப்பு) ஓடாத மாதத்தில் எண்ணெய் இறங்கினால் விடாதீர்கள். ஆனால் குளிக்கிற வெந்நீரும் அதே எண்ணெயில்தான் காய்கிறதா என்று முதலில் பாருங்கள். வருடாந்தர சர்வீஸுக்கு வருபவரிடம் அடியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். குச்சியில் ஒரு பசையைத் தடவி உள்ளே விடுவார், தண்ணீர் பட்டால் நிறம் மாறும்.

கசிவு கண்ணில் பட்டால் வால்வை மூடி, கீழே வாளி வைத்து, எண்ணெய்க் கம்பெனியையும் இன்சூரன்ஸையும் மாகாணச் சுற்றுச்சூழல் துறையையும் உடனே கூப்பிடுங்கள். சோப்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள், எண்ணெய் இன்னும் பரவும்.

மின்சாரத்தில் வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்புக்கு மாறி டேங்கை எடுத்துவிட்ட வீடு என்றாலும், சுவரில் எண்ணெய் ஊற்றும் பழைய குழாய் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். விலாசம் மாறி வந்த லாரி அதில் ஊற்றினால் எண்ணெய் நேராக பேஸ்மென்ட்டில்தான் விழும்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது: உங்கள் சொந்த மண்ணைச் சுத்தம் செய்யும் செலவும் பாலிசியில் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பல பாலிசிகளில் அதைத் தனியாகச் சேர்க்க வேண்டும். டேங்க் பழையது என்றால் புதிது போட்டுத் தரச் சொல்லுங்கள், இல்லையென்றால் விலையில் குறைக்கச் சொல்லுங்கள். சில ஆயிரம் டாலர் விஷயம்தான், விற்பவர்கள் பெரும்பாலும் இறங்கி வருவார்கள்.