சட்டைப்பையில் ஒரு சின்னக் கத்தி வைத்துக்கொள்வதில் அப்படி என்ன ஈர்ப்பு?

"வீட்டில் கத்தி இருக்கும்போது பாக்கெட்டில் வேறு எதற்கு ஒன்று? தினமும் அதைத் தூக்கிக்கொண்டு நடப்பதில் என்ன கிடைக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். 22 வருடமாக மடக்குக் கத்தி இல்லாமல் நான் வீட்டுப் படி இறங்கியதில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரத்தில் ரப்பர் ஷீட் வாங்கி விற்கும் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். கணக்கு வேலை என்றாலும் கை சும்மா இருக்காது. ஷீட் கட்டைப் பிரிக்க வேண்டும், சாக்கு வாய் திறக்க வேண்டும், பில் புத்தகப் பார்சலை உடைக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பார்த்தேன், கூட இருந்தவர்கள் சணலைப் பல்லால் கடிப்பார்கள். பார்சல் டேப்பை பைக் சாவியால் குத்திக் கிழிப்பார்கள். நைலான் கயிறு என்றால் பீடிக் கங்கை வைத்துச் சுட்டு அறுப்பார்கள், அதுவும் ரப்பர் அடுக்கி வைத்திருக்கிற அறைக்குள். அவர்களுக்கு அது வித்தியாசமாகவே தெரியவில்லை. எனக்குத் தெரிந்ததற்குக் காரணம் என் தாத்தா.

தாத்தா கருங்கல் பக்கம் பனையேறி. இடுப்பில் அருவாப்பெட்டி, அதற்குள் பாளை அருவா. அது தொழிலுக்கு. அதைத் தவிர வேட்டி மடியில் எப்போதும் ஒரு பிச்சாத்தி இருக்கும். எங்கள் ஊரில் சின்னக் கத்திக்கு அதுதான் பெயர். கொல்லன் பட்டறையில் இரும்பு அறுக்கும் பழைய ஆக்ஸா பிளேடைத் தட்டிச் செய்தது, எருமைக் கொம்புப் பிடி, மடக்கினால் ஆள்காட்டி விரல் நீளம். அவர் பனையில் இருக்கும்போது பாளை அருவா பேசும், கீழே இறங்கிவிட்டால் பிச்சாத்திதான்.

செங்கவருக்கை மாங்காய் பழுத்த காலத்தில் அவர் அறுப்பதைப் பார்க்கவே நாங்கள் சுற்றி உட்காருவோம். முதலில் கத்தியைத் தோளில் கிடக்கும் துவர்த்தில், அதாவது துண்டில், இரண்டு பக்கமும் துடைப்பார். காம்புப் பக்கம் ஒரு சின்ன வட்டம் சீவி, பழத்தைக் கவிழ்த்துப் பிடித்துச் சுனைப்பால் சொட்ட விடுவார். அப்புறம் கொட்டையை ஒட்டி ஒரே இழுப்பு. கத்தி உள்ளே போன இடமும் வெளியே வந்த இடமும் தெரியும், நடுவில் அழுத்தின தடமே இருக்காது. சாறு ஒழுகாது. துண்டைக் கத்தியின் தட்டைப் பக்கத்தில் ஏந்தி நீட்டுவார், நாங்கள் எடுத்துக்கொள்வோம். அதே பழத்தைச் சித்தப்பா மழுங்கின அடுக்களைக் கத்தியால் அறுத்துத் தருவார். பாதிச் சாறு அவர் முழங்கையில் வழியும்.

கேள்விக்கு என் பதில் அந்த இரண்டு பழங்களுக்கும் நடுவில் இருக்கிறது. கத்தி கையில் இல்லாதவன் நாள் முழுக்கப் பிய்க்கிறான். பால் பாக்கெட்டைப் பிய்க்கிறான், மருந்து அட்டையைப் பிய்க்கிறான், புதுச் சட்டையின் விலைச்சீட்டைத் துணியோடு சேர்த்துப் பிய்க்கிறான். ஒரு பொருளைப் பிய்க்காமல் அறுத்து எடுக்கும்போது ஒரு திருப்தி இருக்கிறது பாருங்கள், அது ஒரு நாளில் பத்துத் தடவை கிடைக்கிறது. எனக்கு ஈர்ப்பு என்றால் அதுதான்.

"மழுங்கின அருவாளுக்கு அக்கானி இறங்காது மக்கா" என்று தாத்தா சொல்வார். அக்கானி என்றால் பதநீர். பாளையின் நுனியைத் தினமும் தாள் கனத்துக்குச் சீவ வேண்டும். கூர் இல்லாவிட்டால் பாளை நசுங்கிவிடும், ஊறல் குறைந்துவிடும். இப்போது நான் இருக்கிற ரப்பர் பக்கத்திலும் இதே கதைதான். விடிவதற்கு முன்னால் பால் வெட்டப் போகிறவர்கள் மரப்பட்டையில் ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்குத்தான் சீவுகிறார்கள். அதற்கு உள்ளே தண்டு வளர்கிற மெல்லிய படலம் இருக்கிறது. கத்தி அதைத் தொட்டால் மரத்தில் முடிச்சு விழும், பிறகு அந்த இடத்தில் சரியாக வெட்டவே முடியாது. எங்கள் கடைக்கு ஷீட் கொண்டு வரும் ஒரு அக்கா, பேசிக்கொண்டே பால் வெட்டுக் கத்தியைக் கல்லில் இரண்டு இழுப்பு இழுத்து வைப்பார். இப்படிப்பட்ட கைகளுக்கு நடுவில் வளர்ந்தவனுக்குக் கூரான கத்தி மேல் மரியாதை வருவதில் ஆச்சரியம் இல்லை.

மடக்குக் கத்தி என்றதும் பலர் வெள்ளைக்காரன் கொண்டுவந்த பழக்கம் என்று நினைக்கிறார்கள். பேனாக்கத்தி என்ற பெயர் அப்படித்தான் வந்தது, சரி. இறகுப் பேனாவின் முனையைச் சீவ அவர்கள் வைத்திருந்த கத்தி அது. ஆனால் நம்மிடம் ஓலையில் எழுதின காலத்திலேயே மடக்கெழுத்தாணி என்று ஒன்று இருந்தது. ஒரு பக்கம் எழுத்தாணி, மறுபக்கம் ஓலை வாருவதற்குச் சின்னக் கத்தி, இரண்டும் ஒரே பிடிக்குள் மடங்கிக்கொள்ளும். படித்தவர்கள் அதைக் கூடவே வைத்திருந்தார்கள். ஆக, எழுதுகிறவன் கத்தி வைத்திருப்பது நமக்குப் புதிது கிடையாது. கணக்கு எழுதுகிற எனக்கு இந்த விஷயம் தெரிந்த நாளில் இருந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சம் இல்லை.

என் முதல் கத்தி கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாக் கடையில் வாங்கிய மீன் வடிவப் பேனாக்கத்தி. பளபளவென்று இருக்கும், பென்சில்கூடச் சீவாது. அந்த வயதில் அது போதும். இப்போது இருப்பது சிவப்புப் பிடி போட்ட விக்டோரிநாக்ஸ் கிளாசிக், அத்தான் துபாயிலிருந்து வரும்போது கொண்டு வந்தது. மடக்கினால் 58 மில்லிமீட்டர், சாவிக்கொத்தில் கிடப்பதே தெரியாது. ஒரு அலகு, ஒரு கத்தரி, நகம் ராவும் அரம், அதன் முனையில் ஸ்குரூ டிரைவர், பிடிக்குள் செருகின பல்குத்தியும் சிறு இடுக்கியும். ரப்பர் மரத்துச் சிராய் விரலில் ஏறினால் அந்த இடுக்கிக்கு ஈடு கிடையாது.

அந்தக் கத்தியின் கதையும் எனக்குப் பிடிக்கும். கார்ல் எல்செனர் 1884-ல் சுவிட்சர்லாந்தின் இபாக் என்ற ஊரில் பட்டறை போட்டார். 1891-ல் சுவிஸ் ராணுவத்துக்குக் கத்தி கொடுக்கத் தொடங்கினார். சிப்பாய்க்கு வேண்டியது இரண்டே விஷயம்: டின் உணவைத் திறக்க வேண்டும், துப்பாக்கியைக் கழற்றி மாட்ட வேண்டும். அதற்காகத்தான் அலகோடு டின் திறப்பானும் ஸ்குரூ டிரைவரும் சேர்ந்தன. 1897-ல் அதிகாரிகளுக்கென்று இன்னும் மெல்லிசான கத்தி ஒன்று வந்தது. நாம் இன்று பார்க்கிற சிவப்புக் கத்திகளெல்லாம் அந்த வழி வந்தவை. 1909-ல் அவருடைய அம்மா விக்டோரியா இறந்த பிறகு அந்தப் பெயரைக் கம்பெனிக்கு வைத்தார். 1921-ல் துருப்பிடிக்காத எஃகு வந்தபோது பிரெஞ்சுக்காரர்கள் அதற்குச் சொல்லும் 'இனாக்ஸ்' பின்னால் ஒட்டிக்கொண்டது.

துரு என்றதும் எங்கள் மாவட்டத்து நிலைமையைச் சொல்ல வேண்டும். தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு மழையும் எங்களுக்கு உண்டு. ஜூனில் ஒரு ஈரம், அக்டோபரில் இன்னொரு ஈரம். முட்டம், குளச்சல் பக்கம் இருப்பவர்களுக்கு இதோடு உப்புக்காற்றும் சேரும். பிரான்சில் ஒப்பினெல் என்று மரப்பிடி போட்ட அழகான கத்தி செய்கிறார்கள், 1890-லிருந்து வருகிறது. நண்பர் ஒருவர் ஆசைப்பட்டு வாங்கினார். அதன் பீச் (beech) மரப்பிடி ஈரத்தில் ஊதிக்கொள்ளும். இங்கே ஆடி மழையில் அலகு பிடிக்குள் இறுகி, திறக்கவே வரவில்லை. கார்பன் எஃகு அலகு வேறு, ஒரு வாரம் மறந்தால் புள்ளி புள்ளியாகத் துரு. கார்பன் எஃகின் கூர் தனி, தாத்தாவின் பிச்சாத்தியும் அந்த ஜாதிதான். மாங்காய்ப் புளிப்பிலும் வாழைக்கறையிலும் கறுத்துப்போய் நாவல்பழ நிறத்தில் இருக்கும். ஆனால் அதைத் தினமும் துடைக்கிற ஆள் வேண்டும். அந்தப் பொறுமை இல்லாதவர்கள் ஸ்டெயின்லெஸ் வாங்குங்கள்.

தீட்டுவதைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதில் முடியாது. ஞாயிற்றுக்கிழமை காலை, இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, கிணற்றடியில் உட்காருவேன். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் இருபக்கக் கல், ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் மென்மை. பத்து நிமிடம் தண்ணீரில் ஊறப் போடுவேன். அலகைக் கல்லில் படுக்க வைத்து, முதுகுப் பக்கத்தை இரண்டு நாணயம் அடுக்கின உயரத்துக்குத் தூக்கினால் சாய்வு கிடைத்துவிடும். அந்தச் சாய்வு மாறாமல் இழுப்பதுதான் வித்தை, பலம் தேவையே இல்லை. ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே இருந்தால் எதிர்ப்பக்க விளிம்பில் விரல் நுனிக்கு மெல்லிய பிசிறு தட்டும். அது அடியிலிருந்து நுனிவரை ஒரே சீராகத் தட்டினால்தான் அந்தப் பக்கம் முடிந்தது என்று அர்த்தம். திருப்பிப் போட்டு அடுத்த பக்கம். கடைசியில் மென்மையான பக்கத்தில் பூப்போல நாலு இழுப்பு, பழைய தோல் பெல்ட்டில் பத்துத் தடவை பின்னோக்கித் தடவல். செய்தித்தாளின் ஓரத்தில் வைத்தால் சத்தமே இல்லாமல் இறங்க வேண்டும். 'சர்ர்' என்று கிழிகிற சத்தம் வந்தால் மறுபடியும் கல்லுக்குப் போக வேண்டியதுதான். முடிந்ததும் மடக்குகிற மூட்டில் ஒரு சொட்டு எண்ணெய். நான் தேங்காய் எண்ணெய் விடுகிறேன், பழத்தில் பட்டாலும் பயமில்லை. வாரம் முழுக்கப் போனையும் கம்ப்யூட்டரையும் பார்த்த கண்ணுக்கும் கைக்கும் அந்த அரை மணி நேரம் எவ்வளவு இதம் என்று செய்து பார்த்தால்தான் தெரியும்.

"ஆபத்துக்கு உதவுமா?" என்றும் கேட்பார்கள். 22 வருடத்தில் ஒரே ஒரு தடவை. அழகியமண்டபம் பக்கம் பைக்கில் பின்னால் இருந்த ஒரு பெண்ணின் ஷால் சக்கரத்தில் சுற்றிக் கழுத்தை இழுத்துவிட்டது. வண்டி நின்றுவிட்டது, ஆனால் துணி இறுகிப் போயிருந்தது. கையால் பிரிக்க முயன்றவர்களுக்கு வரவில்லை. கழுத்துக்கு விலகி, தோள் பக்கத்தில் துணியை அறுத்துவிட்டேன். அவ்வளவுதான், அந்தப் பெண் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். ஆனால் அப்படி ஒரு நாளுக்காகக் கத்தி வைத்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன். மற்ற எல்லா நாளும் அது சணல், பழம், பார்சல், பென்சில். அதற்காகவே வைத்துக்கொள்ளலாம்.

தற்காப்புக்கு என்று நினைத்து யாரும் வாங்காதீர்கள். இதை நான் அழுத்தியே சொல்கிறேன். கத்தியை ஆயுதமாக நினைத்துப் பையில் போட்டவுடன் உங்கள் நடை மாறிவிடும், எதிரில் நிற்பவரைப் பார்க்கும் பார்வை மாறிவிடும். பட்டனை அழுத்தினால் பாய்ந்து விரியும் கத்திகளும் வேண்டாம், ஒரு பழம் நறுக்க அந்த வேகம் எதற்கு? சட்டத்தைப் பொறுத்தவரை, 1959 ஆயுதச் சட்டத்தின் விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளைத்தான் ஆயுதப் பட்டியலில் சொல்கின்றன, வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் செய்தவற்றை விலக்கி வைக்கின்றன. நம்முடைய சின்னக் கத்தி அதற்குப் பக்கத்தில்கூட வராது. ஆனாலும் கோர்ட்டுக்கோ, கூட்டம் கூடுகிற இடத்துக்கோ, சோதனை உள்ள இடத்துக்கோ போகும்போது வீட்டில் வைத்துவிட்டுப் போய்விடுங்கள். விமானத்தில் கைப்பையில் கண்டிப்பாகக் கூடாது. மறந்துபோய்ச் சாவிக்கொத்தோடு போன என் பழைய கத்தி ஒன்று ஒரு விமான நிலையத்துப் பெட்டிக்குள் விழுந்தது. பத்து வருடம் கையில் இருந்த பொருள். இன்றைக்கும் நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

தாத்தாவின் பிச்சாத்தி இப்போது என் மகளிடம் இருக்கிறது. அவளுக்கு வயது 12. பள்ளிக்கூடப் பைக்குள் அது போகக் கூடாது, வீட்டிலும் தோட்டத்திலும் மட்டும் என்று பேசி வைத்திருக்கிறோம். திறப்பதற்கு முன்னால் மடக்கத்தான் கற்றுக்கொடுத்தேன், விரல்கள் அலகின் பாதைக்கு வெளியே இருக்கும்படி. அவளும் என்னிடம் கத்தியைக் கையில் கொடுப்பதில்லை. தாத்தா எங்களுக்குச் சொன்னதுதான்: கத்தியைக் கையில் கொடுத்தால் சண்டை வரும், கீழே வை, அவன் எடுத்துக்கிடட்டும். போன வாரம் கொல்லையில் விழுந்த அயினிச் சக்கையை, அதாவது காட்டுப் பலாவை, அவளே தனியாக வகிர்ந்தாள். பிசின் ஒட்டாமல் இருக்க அலகில் எண்ணெய் தடவ வேண்டும் என்று நான் சொல்வதற்கு முன்னாலேயே அடுக்களைக்குப் போய் எண்ணெய்க் குப்பியை எடுத்து வந்திருந்தாள். முடிந்ததும் துடைத்து, மடக்கி, திண்ணையில் எனக்கு எட்டுகிற தூரத்தில் வைத்தாள்.