மோட்டார் சத்தம் கேட்காத ஏரிகள்

கேள்வி: மினியாபொலிஸில் வேலை பார்க்கும் மகன், ஆகஸ்ட் கடைசியில் எங்களை பவுண்டரி வாட்டர்ஸ் காட்டுக்குக் கூட்டிப்போகிறானாம். துடுப்புப் படகுதான், டின், கண்ணாடி பாட்டில்கூடக் கூடாது என்கிறான். அரசாங்கக் காடு, பொதுச்சொத்து, அதில் ஏன் இத்தனை கெடுபிடி? எனக்கு வயது 58, என்னால் முடியுமா?
- திருச்சி வாசகி

பதில்: முடியும், தயங்காமல் போய்வாருங்கள். கனடா எல்லையை ஒட்டி அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் சுமார் 10 லட்சத்து 90 ஆயிரம் ஏக்கர், ஆயிரத்துக்கும் மேல் ஏரிகள். 1909-ல் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் அறிவித்த சுபீரியர் தேசிய வனத்துக்குள் இருக்கிறது.

பொதுச்சொத்து என்பதால்தான் இத்தனை கெடுபிடியும். முதலில் மரம் வெட்டுகிறவர்களும் அணை கட்ட நினைத்தவர்களும் வந்தார்கள். கரையிலிருந்து 400 அடிக்குள் மரம் வெட்டக் கூடாது, ஏரிகளின் நீர்மட்டத்தில் கை வைக்கக் கூடாது என்று 1930-ல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். அப்புறம் இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் தண்ணீரில் இறங்கும் குட்டி விமானங்களில் மீன்பிடிக்க ஆட்கள் வந்து இறங்க ஆரம்பித்தார்கள், காட்டுக்கு நடுவே விடுதிகள் வேறு. 1949-ல் அதிபர் ட்ரூமன், கடல்மட்டத்திலிருந்து 4,000 அடிக்குக் கீழே அந்தக் காட்டின் மேல் பறக்கவே கூடாது என்று உத்தரவு போட்டார். ஒரு காட்டின் அமைதிக்காக வானத்தையே மூடியது எனக்கு இன்றைக்கும் பெரிய விஷயமாகப் படுகிறது. 1964-ன் வனாந்தரச் சட்டம்கூட இங்கே மரம் வெட்டவும் மோட்டாருக்கும் இடம் விட்டிருந்தது. 1978 சட்டம்தான் மரம் வெட்டுவதை நிறுத்தி, பெரும்பாலான ஏரிகளில் மோட்டாரை விலக்கியது. பக்கத்து ஈலி ஊரில் பலர் கொதித்துப்போனார்கள். பிழைப்பு போகிறவர்களின் கோபம் நியாயமானதுதான், ஆனாலும் சட்டம் செய்தது சரி என்றே நினைக்கிறேன்.

சரி, உங்கள் பயணத்துக்கு வருவோம். ஏரிக்கு ஏரி போக, படகைக் கவிழ்த்துத் தோளில் சுமந்து நடக்க வேண்டும், போர்டேஜ் என்பார்கள். தூரத்தை 'ராடு' கணக்கில்தான் சொல்வார்கள்; ஒரு ராடு பதினாறரை அடி, கிட்டத்தட்ட ஒரு படகு நீளம். 40 ராடு என்றால் 200 மீட்டர், மகன் படகைத் தூக்கட்டும், நீங்கள் துடுப்பை எடுத்துக்கொண்டு நடந்தால் போதும். அதுவும் வேண்டாமென்றால் சாபில் ஏரியில் ஆரம்பிக்கச் சொல்லுங்கள், கரையிலேயே படகில் ஏறிவிடலாம். அனுமதிச்சீட்டை முன்கூட்டியே எடுக்க வேண்டும், ஒரு குழுவில் 9 பேருக்கு மேல் கூடாது. ஊறுகாயைப் பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கருங்கரடி உண்டு, சாப்பாட்டை ராத்திரி கூடாரத்துக்குள் வைக்கவே வைக்காதீர்கள். ஆகஸ்ட் கடைசியில் கொசு குறைந்திருக்கும், நல்ல மாதமாகத்தான் பார்த்திருக்கிறான்.

கேள்வி: இப்படி 'மனிதர் தொடாத காடு' என்று அறிவிக்கும்போது, அங்கே இருந்த பழங்குடிகள் என்ன ஆனார்கள்?
- ஈரோடு வாசகர்

பதில்: மனிதர் தொடாத காடு என்று சொல்லவே கூடாது. அது ஓஜிப்வே மக்களின் நாடு. படகு போகும் வழிகளும் சுமந்து நடக்கும் பாதைகளும் அவர்கள் காலத்திலிருந்தே இருப்பவை, பிரெஞ்சு தோல் வியாபாரிகள் அதே வழியில்தான் பிற்பாடு போனார்கள். 1854 ஒப்பந்தத்தில் நிலம் கைமாறினாலும் அங்கே வேட்டையாடவும் மீன்பிடிக்கவும் அவர்களுக்கு இருந்த உரிமை போய்விடவில்லை. ஏரிகளில் தானாக விளையும் காட்டரிசியை, மனோமின் என்பார்கள், படகில் போய்க் குச்சியால் தட்டி உதிர்த்து அறுவடை செய்வது இன்றும் அவர்கள் வழக்கம். ஹெக்மன் ஏரிப் பாறையில் செங்காவி நிறத்தில் ஒரு மனித உருவமும் மூஸ் மானும் படகுகளும் தீட்டியிருக்கின்றன. திருச்சி வாசகி அந்தப் பக்கம் போனால் படகிலிருந்தே பார்க்கலாம், கையால் மட்டும் தொட வேண்டாம்.