சுவரில் தொங்கும் மோரிஸ் மைனர்

கேள்வி: உங்கள் வீட்டுப் பழைய புகைப்படங்களில் கார் ஏதும் இருக்கிறதா? அது யாருடையது, அதன் கதை என்ன?

இருக்கிறது. எங்களுடையது இல்லை.

சிங்கப்பூரில், ஈசூன் வட்டாரத்தில் இருக்கும் அப்பா வீட்டுக் கூடத்தில், சாமி மாடத்துக்கு எதிர்ச்சுவரில், பெரிதாக்கிச் சட்டம் போட்ட ஒரு கறுப்பு வெள்ளைப் படம் தொங்குகிறது. அதில் ஒரு மோரிஸ் மைனர் கார். முன்சக்கரத்தை ஒட்டித் தாத்தா, வெள்ளை முழுக்கைச் சட்டையில், ஒரு கையைக் காரின் மேல் வைத்தபடி. இரண்டடி தள்ளிப் பாட்டி. கேமராவைப் பார்க்காமல் தன் காலடியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். பானட்டின் மேல் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று, வாயில் விரல். பின்னால் ஒரு பங்களாவின் தூண் பாதி தெரிகிறது. பக்கத்து வட்டாரமான செம்பவாங் பக்கம் போனால் அந்த மாதிரிக் கறுப்பு வெள்ளை வண்ணப் பங்களாக்களை இன்றைக்கும் பார்க்கலாம்.

மூலப் படம் ஆல்பத்தில் இருக்கிறது. உள்ளங்கை அளவு, ஓரமெல்லாம் நெளிநெளியாக வெட்டியது, நான்கு மூலையிலும் கறுப்பு முக்கோணம் செருகியது. பின்புறம் பென்சிலில் ‘1953, நேவல் பேஸ்’ என்று எழுதியிருக்கும். அப்பா 1951இல் பிறந்தவர். ஆகவே பானட்டில் உட்கார்ந்திருப்பது அப்பா. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து வீட்டுக்கு வருகிற எல்லோருக்கும் இப்படித்தான் அறிமுகம் நடக்கும்: “இது எங்கப்பா, இது எங்கம்மா, மேல உக்காந்திருக்கிற ராஜா நான்.”

தாத்தா பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் ஒரு வெள்ளைக்காரப் பொறியாளருக்குச் சைஸாக இருந்தவர். இன்றைய பிள்ளைகளுக்கு இந்தச் சொல் தெரியாது. குதிரையைப் பார்த்துக்கொள்கிறவருக்குத்தான் முதலில் சைஸ் என்று பெயர். குதிரை போய்க் கார் வந்த பிறகும் மலாயாவில் வண்டி ஓட்டுகிறவருக்கு அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. “பேரு குதிரைக்காரன். குதிரைதான் கண்ணுல காணோம்” என்று தாத்தா சொல்வாராம்.

காலையில் காரைக் கழுவித் துடைத்து, துரையை அலுவலகத்தில் இறக்கி, துரையம்மாவைக் கடைக்குக் கூட்டிப்போய், பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கொண்டுவந்து விட்டு, சாயங்காலம் மறுபடியும் கழுவித் துடைத்தால் தாத்தாவுக்கு ஒரு நாள் முடிந்தது. கார் எந்நேரமும் தாத்தாவின் கையில்தான். ஆனால் வீட்டு ஆட்களை அதில் ஏற்றக் கூடாது என்பது துரையின் சட்டம். பாட்டி கடைசி வரைக்கும் அந்தக் காடியில் ஏறியதே இல்லை. (எங்கள் வீட்டில் பெரியவர்கள் எல்லோருக்கும் அது ‘காடி’தான். கார் என்று சொன்னது எங்கள் தலைமுறை.)

ஒரு ஞாயிற்றுக்கிழமை துரை புதிதாகக் கேமரா வாங்கி, கண்ணில் பட்டதையெல்லாம் படம் எடுத்துக்கொண்டிருந்தாராம். நாயை எடுத்தார், பலா மரத்தை எடுத்தார், பிறகு தாத்தாவைக் கூப்பிட்டு, வீட்டுக்காரியையும் பிள்ளைகளையும் அழைத்துவரச் சொன்னார். ஒரு மாதம் கழித்து இரண்டு பிரதி கொடுத்தார். ஒன்று இந்த ஆல்பத்துக்கு வந்தது. இன்னொன்றைத் தாத்தா மன்னார்குடிப் பக்கம் இருந்த தம்பிக்குத் தபாலில் அனுப்பினார்.

வினை அங்கேதான் தொடங்கியது. கார் துரையுடையது என்று தாத்தா கடிதத்தில் எழுதவில்லை. தன்னுடையது என்றும் எழுதவில்லை. ‘படம் அனுப்பியுள்ளேன், எல்லோரும் நலம்’ என்பதோடு நிறுத்திக்கொண்டார். ஊர் என்ன நினைக்கும்? அண்ணன் காடி வாங்கிவிட்டான் என்று நினைத்தது. அடுத்த கடிதத்தில் கிணறு வெட்டப் பணம் கேட்டார்கள். அதற்கடுத்ததில் தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்தாகிவிட்டது என்று வந்தது. தாத்தா கடன் வாங்கி அனுப்பினார். சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று பாட்டி சாகும் வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

1978இல் அப்பா முதல் தடவையாக எம்.வி. சிதம்பரம் கப்பலில் சென்னைக்குப் போய், அங்கிருந்து ஊருக்குப் போயிருக்கிறார். பெட்டி படுக்கையோடு பேருந்தில் வந்து இறங்கியவரைப் பார்த்து சின்னத் தாத்தா கேட்ட முதல் கேள்வி: “காரக் கப்பல்ல ஏத்திட்டு வரலியா தம்பி?” அப்பா பதில் சொல்லாமல் சிரித்துச் சமாளித்திருக்கிறார். இருபது வருடப் பொய்யை ஒரே நாளில் உடைக்க மனம் வரவில்லையாம். ஊர் வீட்டிலும் அதே படம் சட்டம் போட்டுத் தொங்கியிருக்கிறது, சுற்றிப் பிளாஸ்டிக் மாலையோடு.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகச் சொந்தக் கார் வாங்கியவர் அத்தை வீட்டு மாமா. பிரிட்டிஷ் படை 1971இல் இங்கிருந்து கிளம்பியபோது, ஊருக்குப் போகிற ஒரு சிப்பாயிடமிருந்து பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் ஒன்றை வாங்கினார். அதற்கும் ஒரு படம் உண்டு, சாங்கி கடற்கரையில். வண்டியைச் சுற்றி ஒன்பது பேர் நிற்கிறார்கள். ஒன்பது பேரும் அந்த ஒரே வண்டியில்தான் போய் வந்தார்கள். பீட்டிலுக்கு எஞ்சின் பின்னால், சாமான் வைக்கும் இடம் முன்னால். படத்தில் முன்மூடி திறந்திருக்கிறது, உள்ளே பிரியாணிச் சட்டி உட்கார்ந்திருக்கிறது. எஞ்சினைக் குளிரவைக்கத் தண்ணீர் தேவையில்லை, காற்றே போதும் என்பதில் மாமாவுக்கு அப்படியொரு பெருமை. வழியில் ரேடியேட்டர் கொதித்து நிற்கிற வண்டிகளைப் பார்த்தால் வேகத்தைக் குறைத்துக் கையை ஆட்டிவிட்டுத்தான் போவாராம்.

1975 ஜூன் மாதம் நகர மையத்துக்குள் காலையில் நுழையும் கார்களுக்கு நாளொன்றுக்கு 3 வெள்ளி (டாலர்) என்று அரசாங்கம் சீட்டுப் போட்டது. வண்டியில் நான்கு பேர் இருந்தால் சீட்டு வேண்டாம். மாமா என்ன செய்தார் தெரியுமா? வழியில் பேருந்து நிறுத்தத்தில் நின்று, “டவுன், டவுன்” என்று கூவி முன்பின் தெரியாத மூன்று பேரை ஏற்றிக்கொண்டு போனார். 3 வெள்ளியை மிச்சம் பிடித்ததில் அவருக்கு நண்பர்களும் கிடைத்தார்கள். அவர்களில் ஒரு சீனர் அத்தை மகள் கல்யாணத்துக்குப் பணம் வைத்த சிவப்பு உறையோடு வந்திருந்தார்.

அந்த பீட்டில் என்ன ஆனது என்றால், எல்லாப் பழைய காருக்கும் இங்கே ஆனதுதான். பழசை வைத்திருப்பதைவிட உடைக்கக் கொடுத்துவிட்டுப் புதுசு வாங்குவது இலாபம் என்கிற மாதிரிக் கட்டணங்களை அமைத்தார்கள். 1990 மே மாதம் சிஓஇ என்கிற வாகன உரிமைச் சான்றிதழ் வந்தது. அதன்பின் ஒரு காருக்கு ஆயுள் பத்து வருடம், மேலே வேண்டுமானால் மறுபடியும் பணம் கட்ட வேண்டும். 2023இல் பெரிய கார்களுக்கான சிஓஇ ஒன்றரை இலட்சம் வெள்ளியைத் தொட்டது. அது காரின் விலை இல்லை, கார் வைத்துக்கொள்ளும் உரிமைக்கான விலை. இப்படி ஒரு ஊரில் தாத்தா ஓட்டிய கார் பேரன் கைக்கு எப்படி வந்து சேரும்? படத்தில்தான் மிஞ்சும். 35 வயதைத் தாண்டிய கார்களுக்கென்று ஒரு தனித் திட்டம் இருக்கிறது, வருடத்தில் 45 நாள் சாலையில் ஓட்டலாம். மீதி 320 நாளும் அது நிற்க ஓர் இடம் வேண்டுமே. அடுக்குமாடியில் இருக்கிற நமக்கு அதெல்லாம் நடக்கிற காரியமா?

சரி, மோரிஸுக்கு வருகிறேன்.

போன தீபாவளிக்கு எல்லோரும் அப்பா வீட்டில் கூடியிருந்தோம். என் மகன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான், கார்ப் பைத்தியம். கையில் முறுக்கோடு அந்தப் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றவன் திடீரென்று திரும்பி, “தாத்தா, இது 53 கிடையாது” என்றான்.

அப்பா சிரித்தார். “நீ பொறந்தது எப்பன்னே உனக்கு உங்கம்மா சொல்லித்தான் தெரியும்.”

“இல்ல தாத்தா. கண்ணாடியப் பாருங்க.”

அவன் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். மோரிஸ் மைனர் 1948இல் வந்த கார். முதல் எட்டு வருடம் அதன் முன்கண்ணாடி இரண்டு தட்டைத் துண்டு, நடுவில் ஒரு கம்பி. 1956 கடைசியில் மோரிஸ் 1000 என்ற பெயரில் வந்ததில்தான் வளைந்த ஒரே கண்ணாடி போட்டார்கள். எங்கள் படத்தில் இருப்பது ஒரே கண்ணாடி. நடுவில் கம்பி இல்லை. தாத்தாவின் தோளுக்குப் பின்னால் பளிச்சென்று தெரிகிறது. அறுபது வருடமாக எல்லோரும் பார்த்த படம்தான், யாரும் கண்ணாடியைப் பார்க்கவில்லை.

பையன் விடவில்லை. பானட்டின் நடுவில் ஒரு தட்டையான பட்டை ஓடுகிறதே, அது ஏன் என்று எங்களையே கேட்டான். காரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், கடைசி நேரத்தில் மாதிரி வண்டி ஒல்லியாக இருக்கிறது என்று அதை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, நான்கு அங்குலம் தள்ளிவைத்துப் பார்த்தாராம். பிடித்துப்போனது. அந்த நான்கு அங்குலம்தான் பானட்டில் பட்டையாக நிற்கிறது. குழந்தை உட்கார்ந்திருப்பது அந்தப் பட்டையின் மேல்தான். எனக்கு இது சுவாரசியமாக இருந்தது. ஆனால் கூடத்தில் வேறு யாரும் அதைக் கேட்கவில்லை, எல்லோரும் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

1957 என்றே வைத்துக்கொண்டாலும் அப்பாவுக்கு ஆறு வயது. பானட்டில் இருப்பது இரண்டு வயதுக் குழந்தை. 1955இல் பிறந்தவர் சித்தப்பா.

சித்தப்பா மெதுவாக எழுந்துபோய்ப் படத்துக்குப் பக்கத்தில் நின்று, வாயில் விரலை வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்துத் திரும்பினார். அறுபத்தொன்பது வயது மனிதர். அசப்பில் அதே முகம். சித்தி சிரித்ததில் மடியிலிருந்த அச்சு முறுக்குத் தட்டு தரைக்குப் போனது.

“பின்னாடி 1953ன்னு எழுதியிருக்கே!” என்றார் அப்பா. ஆல்பத்தை எடுத்துவந்து திருப்பிப் பார்த்தோம். அந்த 9ஐப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. வால் இடது பக்கம் சுருண்ட 9. என் பள்ளி மதிப்பெண் அட்டைகளில் எல்லாம் அப்பா கையெழுத்துக்குக் கீழே போடும் தேதியில் இருக்கிற அதே 9. ஆல்பம் ஒட்டிய காலத்தில் அவரே கணக்குப் பார்த்து எழுதியிருக்கிறார்.

“அப்ப நான் எங்க?” என்றார் அப்பா. குரல் சின்னப் பிள்ளை குரலாகிவிட்டது.

அதுவரை பேசாமல் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த அத்தை வாயைத் திறந்தார். அப்பாவுக்கு இரண்டு வயது மூத்தவர். கேமராவுக்குப் பின்னால் நின்று பால் டின்னைத் தட்டிக் குழந்தைக்கு வேடிக்கை காட்டியது அவர்தானாம்.

“இத்தன வருசமா நீ நான்தான் நான்தான்னு சொல்றப்ப நான் எதுக்குக் குறுக்க பேசணும்? நீ துரையப் பாத்துப் பயந்து காடிக்குள்ள போயி ஒளிஞ்சுக்கிட்டே. அப்பா வெளிச்சத்துக்கு நகத்தின காடி, சாவி அதுலயே இருந்துச்சு.”

அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. நான் ஒன்றுக்கும் பயந்ததில்லை என்றார், காருக்குள் யாரும் ஏறக் கூடாது என்று சட்டம் இருந்ததே என்றார். பையன் மூலப் படத்தைக் கொண்டுபோய் ஸ்கேன் செய்து கணினியில் பெரிதாக்கிப் பார்த்தான். பக்கக் கண்ணாடிக்குப் பின்னால் ஏதோ வெளுப்பாகத் தெரிகிறது. தலையாகவும் இருக்கலாம், பலா மரத்து நிழலுக்கு நடுவே விழுந்த வெயிலாகவும் இருக்கலாம். அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

ஆனால் இன்னொன்று இருந்தது. அந்தக் கால மோரிஸில் திரும்புவதற்கு மினுக்கும் விளக்கு கிடையாது. கதவுகளுக்கு இடையே உள்ள தூணுக்குள் ஒரு சின்னக் கை மடங்கிக் கிடக்கும். உள்ளே பொத்தானைத் திருப்பினால் காது மாதிரி வெளியே நீளும், நுனியில் ஆரஞ்சு வெளிச்சம் எரியும். தாத்தா அதைக் ‘காது’ என்றே சொல்வாராம். சிக்கிக்கொண்டால் தூணில் ஒரு தட்டுத் தட்டுவாராம்.

சுவரில் இருக்கிற பெரிய படத்தில் ஓரத்தைச் சட்டம் மறைத்துவிட்டது. மூலப் படத்தில் மறையவில்லை. கார் நிற்கிறது, ஓட்டுகிறவர் வெளியே நின்று கையை வைத்துக்கொண்டு சிரிக்கிறார், இடது பக்கத்துக் காது மட்டும் முழுசாக நீண்டிருக்கிறது.

அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு, “வலது பக்கம் திருப்பினா ஒரு மாதிரி ‘டொக்’குன்னு சத்தம் வரும். இடது பக்கம் வராது” என்றார்.

சித்தப்பா அந்தச் சட்டத்தைத் தன் வீட்டுக்கு எடுத்துப்போகிறேன் என்று வாரம் தவறாமல் தொலைபேசியில் கேட்கிறார். அப்பா இன்னும் கழற்றிக் கொடுக்கவில்லை. கார் என்ன நிறம் என்பதில் மட்டும் இன்னும் தீர்ப்பு இல்லை: அத்தை பச்சை என்கிறார், அப்பா சாம்பல் என்கிறார்.