மட்டி ஓட்டில் ஓட்டை போடுவது யார்? நிலா நத்தை பற்றிய கேள்வி பதில்

கேள்வி: கரையில் பொறுக்கிய மட்டி ஓடுகள் பலவற்றில் அச்சடித்த மாதிரி வட்டமான ஓட்டை இருக்கிறது. மாலை கோக்க யாராவது துளைத்ததா சார்?

பதில்: மனிதர் வேலை இல்லை. ஓட்டையின் விளிம்பைப் பாருங்கள். வெளியே அகன்று உள்ளே குறுகினால் நிலா நத்தையைச் சந்தேகிக்கலாம். மணலுக்குள்ளேயே ஊர்ந்துபோய் மட்டியைப் பிடித்துப் பாதத்தால் சுற்றிக்கொள்ளும். வாய்க்குழலின் நுனியில் ஒரு சுரப்பி உண்டு. அதன் அமிலச் சுரப்பு ஓட்டின் சுண்ணாம்பை இளக்கும், பல் பதித்த நாக்கு இளகியதைச் சுரண்டும். இப்படியே மாறி மாறி, மணிக்கணக்கில். தடித்த ஓடானால் நாள்கூட ஆகும். ஓட்டை விழுந்ததும் குழலை உள்ளே விட்டுச் சதையைத் தின்றுவிடும். பாதியில் கைவிட்ட குழியும் சில ஓடுகளில் கிடைக்கும். அதன் நடுவில் சின்ன மேடு தெரியும். எனக்கு முழு ஓட்டையைவிட அதுதான் பிடிக்கும். முள்சங்கு வகைகளும் துளைக்கும், ஆனால் அந்த ஓட்டையின் பக்கங்கள் பெரும்பாலும் நேராக இறங்கும்.

கேள்வி: நிலா நத்தை ஓட்டிலேயே அதே ஓட்டை இருக்கிறதே?

பதில்: தன் இனத்தையும் விடாது.

கேள்வி: மணலில் உரசிக்கொண்டே இருந்தும் ஓடு எப்படி இவ்வளவு பளபளப்பு?

பதில்: ஊரும்போது பாதத்தின் மடல்கள் ஓட்டின் பெரும்பகுதியைப் போர்த்திவிடும். மணல் நேராக உரசுவது குறைவு. முள்ளோ முண்டோ இல்லாத உருண்டை வடிவமும் புதைந்து நகரத் தோதானது.

கேள்வி: அவ்வளவு பெரிய பாதம் அந்த ஓட்டுக்குள் எப்படி அடங்குகிறது அண்ணா?

பதில்: பாதி மாயம், தண்ணீர்தான்! பாதத்துக்குள் கடல்நீரை ஏற்றித்தான் அதை உப்ப வைக்கிறது. உள்ளே போகும்போது நீரை வெளியே தள்ளிவிடும். உயிருள்ளதைக் கையில் எடுத்தால் உள்ளங்கை நனைவது அதனால்தான். நீரில்லாமல் நெடுநேரம் மூடிக்கிடந்தால் அதற்கு மூச்சு முட்டும், உடனே திரும்ப விட்டுவிடுங்கள்.

கேள்வி: சட்டைக் காலர் போல வளைந்த, ரப்பர் மாதிரியான மணல் பட்டை ஒன்று கிடந்தது. குப்பையா?

பதில்: அது முட்டைத் தொகுதி. மணலைச் சளியால் ஒட்டி, நடுவே முட்டைகளைப் பொதித்திருக்கும். முழுசாக, வளையும் பதத்தில் இருந்தால் உள்ளே குஞ்சுகள் இருக்கலாம், எடுக்காதீர்கள். பொரிந்து முடிந்தால் தானே உதிரும்.

கேள்வி: ஓட்டின் வாயில் இருந்த மூடி, ஒன்றில் கல் போலவும் இன்னொன்றில் நகம் போலவும் இருக்கிறது. இரண்டும் ஒரே இனமா?

பதில்: ஒரே குடும்பம், வெவ்வேறு பேரினங்கள். நேட்டிகா பேரினத்தின் மூடி சுண்ணாம்பால் ஆனது, பொலினிசஸ் பேரினத்தினுடையது கொம்புப் பொருளால் ஆனது. மூடி தொலைந்திருந்தால் ஓட்டின் அடியிலுள்ள தொப்புள்குழியைப் படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.