லோ-கோட் என்றால் என்ன? கோடிங் தெரியாதவர் அதில் செயலி செய்ய முடியுமா?

முடியும். பெட்டி, பொத்தான், பட்டியல் போன்றவற்றைத் திரையில் இழுத்துப் போட்டு, தேவைப்படும் இடத்தில் சின்ன ஃபார்முலா மட்டும் எழுதிச் செயலி செய்வதுதான் லோ-கோட்.

அலுவலகச் செயலிகளில் பெரும்பாலானவை ஒரே வேலையைத்தான் திரும்பத் திரும்பச் செய்கின்றன. படிவத்தை வாங்கும், அட்டவணையில் சேமிக்கும், மேலாளரிடம் ஒப்புதல் கேட்கும், மாதக் கடைசியில் கணக்குக் காட்டும். அதனால் அந்தத் துண்டுகளை முன்கூட்டியே செய்து வைத்துவிட்டார்கள். அறுத்துத் துளையிட்டு வரும் மேசைப் பலகைகளை நாமே திருகாணி போட்டுப் பூட்டுவது போலத்தான். தச்சு வேலை தெரிய வேண்டாம். ஆனால் எந்தக் கால் எங்கே என்று தெரியாவிட்டால் மேசை ஆடும்.

மைக்ரோசாஃப்ட்டின் கருவிகளில் விடுப்பு விண்ணப்பத் திரையைப் பவர் ஆப்ஸிலும், அது மேலாளருக்குத் தானாகப் போவதைப் பவர் ஆட்டோமேட்டிலும், யார் எத்தனை நாள் எடுத்தார் என்ற அறிக்கையைப் பவர் பிஐ-யிலும் செய்யலாம்.

சரி, எங்கே தொடங்குவது? என்னைக் கேட்டால், திரையை அழகுபடுத்தும் முன் அட்டவணையை ஒழுங்காக அமைக்கப் பழகுங்கள். அப்புறம், பவர் ஆப்ஸில் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. நீங்கள் எழுதும் வடிகட்டலை, அதாவது வேண்டிய வரிசைகளை மட்டும் பொறுக்கும் ஃபார்முலாவை, தரவு சேமித்திருக்கும் இடத்தால் செய்ய முடியாவிட்டால், செயலி முதல் 500 வரிசைகளை மட்டும் எடுத்துத் தேடும். அமைப்பை மாற்றினாலும் 2000 வரைதான். பயன்படுத்துபவருக்குப் பிழைச் செய்தி வராது, விடை மட்டும் குறையும்.

பலர் லோ-கோடையும், கோடே எழுதாமல் செயலி செய்யும் நோ-கோடையும் ஒன்றென்று நினைக்கிறார்கள். லோ-கோடில் கோடிங் குறைவு, இல்லாமல் போகவில்லை.